நிமிர்ந்து நட!

"நிமிர்ந்து நட!" என்னும் உபதேசத்தைக் கேளாமல் வளர்ந்த குழந்தை நம் நாட்டில் உண்டா? வீட்டில் பாட்டி சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் சொல்லுவார். ஆனால் எவ்வளவு முயன்றாலும் நிமிர முடியாத குழந்தையும் உண்டு என்பதை நினைப்பவர் சிலரே.

சோம்பலால் சாய்ந்து நிற்பது வேறு. முதுகெலும்பே பக்கவாட்டில் வளைந்து, சற்று முறுக்கிக்கொள்வது வேறு. பின்னதை வைத்தியர்கள் 'ஸ்கோலியோஸிஸ்' என்கிறார்கள். நாம் அறிந்த கூன் முன்புறமாகக் குனிந்திருப்பது. இதுவோ பக்கமாக வளைவது. ஆடை அணிந்துவிட்டால் எளிதில் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் நம்மிடம் படித்த ஒரு சிறுமியின் வளைவை முதலில் கண்டவர் வைத்தியர் அல்லர். சீருடை தைத்த தையற்காரர். "அம்மா, குழந்தைக்கு ஒரு தோள் உயர்ந்திருக்கிறது" என்றார் அவர். தாயாருக்குக் கோபம் வந்தது. அளவெடுக்கத் தெரியாதவர் என்று தீர்மானித்துக் கடையை மாற்றினார். இரண்டாவது தையற்காரரும் அதையே சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தையற்காரர்கள் ஒற்றுமையாயிருந்தது அந்தக் குழந்தையின் பாக்கியம்!

10 முதல் 16 வயதுக்குள் நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்கு, 10 பாகையோ அதற்கு மேலோ வளைவு காணப்படுகிறது. பெரும்பாலானவை சிறியவை, சிகிச்சை வேண்டாதவை. சிறு வளைவு ஆண், பெண் இருபாலருக்கும் வருகிறது. ஆனால் பெரிதாக வளருவது பெண்களிடமே மிக அதிகம். பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று தெரிவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரக்கூடும். பருவமடைவதற்குச் சற்று முன், உயரம் விரைவாக ஏறும் காலத்தில், வளைவும் விரைவாக ஏறும். புத்தகப் பையை நாம் அனைவரும் திட்டுகிறோம். பாரமான பை முதுகுவலி தரலாம். ஆனால் இவ்வளைவை அது உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரமில்லை.

கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. 1865-ல் வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்தது. குழந்தை கால்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல், கைகளைக் கூப்பித் தொங்கவிட்டு முன்னே குனியவேண்டும். பின்னால் நின்று பார்த்தால், வளைவுள்ள முதுகில் ஒரு பக்கம் மேடிட்டிருக்கும். அரை நிமிஷ வேலை!

இதைப் பள்ளிதோறும் செய்யலாமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. ஜப்பானில் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். அமெரிக்க நிபுணர் குழு ஒன்றோ, நன்மை தீமைகளை எடைபோடப் போதிய ஆதாரமில்லை என்று 2018-ல் கூறியது. வீண் பயமும் வேண்டாத எக்ஸ்ரேயும் நேரலாம் என்பது உண்மையே. ஆயினும் 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முதுகெலும்புக் கவசம் அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்கு ஏறவில்லை. அணியாதவர்களில் 48 பேருக்கே அப்படி. கவசம் பயன்படுவது வளரும் பருவத்தில் மட்டுமே.

நம் தேசத்தில் 2013 முதல் ராஷ்டிரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரமம் என்னும் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். ஆனால் அது தொடங்கியபோது வகுத்த 30 நோய்களின் பட்டியலில் இவ்வளைவு தனியாக இடம்பெறவில்லை. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியார், மாணவரின் பார்வையைச் சோதிக்க ஆசிரியர்களைப் பழக்கியிருக்கிறார்கள். கண்ணைப் பார்க்கத் தெரிந்த ஆசிரியை, தனி அறையில், பெற்றோர் சம்மதத்துடன் முதுகையும் பார்க்கக் கூடாதா?

தடையாயிருப்பது பயிற்சிக் குறைவு மாத்திரமல்ல. "ஊருக்குத் தெரிந்தால் கலியாணம் நடக்குமா?" என்னும் பயமே பெரிய தடை. மறைத்து வைப்பதால் வளைவு நின்றுவிடுவதில்லை. சிகிச்சைக்குரிய காலந்தான் போய்விடுகிறது. மேற்சொன்ன சிறுமி சித்திரை வெயிலிலும் சீருடைக்குள் கவசம் அணிந்து வந்தாள். வளைவு முற்றும் நேராகவில்லை. ஆனால் மேலே ஏறாமல் நின்றது.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் நாளில், ஒரு தடவை குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள். மேடு தெரிந்தால் குழந்தையைக் கோபிக்க வேண்டாம்; வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.