பிரேக் ஆயில் எங்கே போனது?



"சார், அம்பாசடரைக் கண்ணிலேயே காணோமே, வித்துட்டீங்களா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. கொட்டகையில்தான் நின்றது. ஏன் நின்றது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வண்டியை உங்களுக்குத் தெரியும். 1978 மாடல், மார்க் 3. கடியாபட்டியில் ஒரு செட்டியார் வீட்டில் 1994-ல் வாங்கியது. உங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வாசலில் அதைத் தள்ளியிருக்கிறீர்கள். மீதிப் பேர் தள்ளுகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுக்கோட்டையில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு நானும் மனைவியும் ஏழு வயதுப் பேரனும் திரும்பிக்கொண்டிருந்தோம். கோட்டை தெரிய ஆரம்பித்ததும் பேரன் பின் சீட்டில் எழுந்து நின்றுகொண்டான். கோட்டை பைரவர் கோயில் முன்னால் எப்போதும் வண்டிகள் நிற்கும், சாலையைக் கடந்து ஆட்கள் போவார்கள், வருவார்கள். அன்றைக்கும் ஓர் அம்மா கையில் அர்ச்சனைத் தட்டோடு, கூடவே இரண்டு பிள்ளைகளோடு குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போனது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஹாரனையும் அடித்தேன். எதை முதலில் செய்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. ஹேண்ட் பிரேக் வெறும் கம்பி இழுவை, ஆயில் வேலை அதில் கிடையாது. அதனால் அது பிடித்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீடு வரும்வரை மனைவி ஒன்றும் பேசவில்லை. இறங்கிய பிறகு, "இனிமே இதுல பிள்ளை ஏறக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஒரு மாணவனை வரச் சொன்னேன். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவன், இப்போது சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கி, தரையில் இருக்கும் மூடியைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டருக்குள் டார்ச் அடித்தான். உள்ளே ஆயில் அடிமட்டத்தில் இருந்தது.

"சார், இதுக்கு முன்னாடி ஆயில் குறைஞ்சுதா?"

"ஒண்ணு ரெண்டு தடவை ஊத்தினேன்பா."

அவன் ஒன்றும் சொல்லாமல் கொட்டகை மூலையைப் பார்த்தான். அங்கே இரண்டு காலி டப்பாவும் பாதி தீர்ந்த டப்பா ஒன்றும் இருந்தன. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நோட்டு வீட்டில் இருக்கிறது என்று சொன்னவர்கள் எத்தனையோ பேரை நான் அதே மாதிரிப் பார்த்திருக்கிறேன்.

உண்மை என்னவென்றால், ஆடி மாதத்திலிருந்தே குறைந்துகொண்டிருந்தது. குறையும்போதெல்லாம் ஊற்றினேன். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை, அதனால் கசிவு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் இருக்கிறது. குறைந்தால் எங்கேயோ வெளியே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். லைனிங் தேய்ந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கும். அதற்கு இத்தனை டப்பா ஆகாது.

இதில் பெரிய வேடிக்கை, பாஸ்கல் விதியை முப்பது வருஷம் நடத்தியவன் நான். ஊசி போடும் சிரிஞ்சு இரண்டை எடுத்து, நடுவே குழாய் மாட்டி, ஒன்றை அமுக்கினால் மற்றது எழும் என்று காட்டுவேனே, நினைவிருக்கிறதா? அதே சங்கதிதான். கால் அமுக்கும் அழுத்தத்தைத் திரவம் எல்லாச் சக்கரத்துக்கும் கொண்டு போகிறது. இப்போது வரும் கார்களில் இரண்டு தனி வழிகள் இருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். என் வண்டியில் வழி ஒன்றே. ஒரு சக்கரத்தில் ஓட்டை என்றால் நாலுக்கும் பிரேக் இல்லை.

ஓட்டையைத் தேடினோம். குழாய் இணைப்புகளை எல்லாம் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் செய்தித்தாள் விரித்து, பெடலை நாற்பது ஐம்பது தரம் மிதித்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. மாஸ்டர் சிலிண்டர்தான் கசிகிறது என்று நான் அடித்துச் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. பின்பக்க இடது சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, "இந்த ரிம்முல மட்டும் பெயிண்ட் ஏன் சார் உரிஞ்சிருக்கு?" என்றான். நானும் தீபாவளிக்கு வண்டி கழுவும்போதே அதைப் பார்த்தவன்தான். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரியும்.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுத்தால் உள்ளே ஈரம். ஷூவின் லைனிங் ஊறிப்போய்க் கறுத்துக் கிடந்தது. டிரம் ஒரு சட்டி மாதிரி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டது. தரை நனையாத ரகசியம் அதுதான். ஆனால் பின் சக்கரத்தில் ஆக்ஸில் ஆயிலும் சீல் போனால் இப்படித்தான் டிரம்முக்குள் வரும். எது என்று தெரிய வேண்டும். இங்கே வாத்தியாருக்கு ஒரு வேலை கிடைத்தது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து அந்த ஈரத்தைத் தொட்டு விட்டேன். ஆக்ஸில் ஆயில் என்றால் மேலே மிதக்கும். இது கரைந்துபோனது. பிரேக் ஆயிலேதான். பழைய லைனிங் தூசியை அவன் வாயால் ஊதப் போனான், அதையும் தடுத்தேன். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னதில் உருப்படியானவை இந்த இரண்டும்தான்.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நீக்கியதும் ஆயில் கொட்டியது. உள்ளே இருக்கும் வாஷர் ஓரத்தில் கிழிந்திருந்தது. வாஷர் கிட் போட்டால் போதுமே என்றேன். அவன் சிலிண்டரைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து, என் விரலை உள்ளே விடச் சொன்னான். சொரசொரவென்று துருப் புள்ளிகள். "புது வாஷரும் ரெண்டு மாசத்துல கிழிஞ்சிரும் சார். சிலிண்டரையே மாத்திருவோம்."

துரு எப்படி வந்தது? அதுவும் என் கைங்கரியம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு நிர்ணயித்த அளவு 140 டிகிரிதான். அந்த ஈரம் உள்ளே இரும்பையும் அரிக்கும். நான் வருஷக்கணக்காக ஆயிலை மாற்றவே இல்லை. மேலே ஊற்றியதும் மூடி சரியாக உட்காராத டப்பாவிலிருந்து. சிக்கனம்!

பின்பக்கம் இரண்டுக்கும் புது சிலிண்டர், புது ஷூ. ஆயிலில் ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடலாமா என்று நான் கேட்டதற்கு அவன் பதிலே சொல்லவில்லை. பழைய ஆயிலை முழுவதும் இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றினோம். எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆனது.

பிறகு ஏர் எடுக்கும் வேலை. சிரிஞ்சுக் குழாயில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தால் அமுக்கும் வேகம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும் என்று காட்டுவேன் அல்லவா, அதற்காகத்தான் இது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டத்தில் முடிக்க வேண்டும். நான் பெடலில், அவன் வண்டிக்கு அடியில், நிப்பிளில் மாட்டிய குழாயின் நுனி ஊறுகாய் பாட்டிலுக்குள். "அமுக்குங்க சார்... பிடிங்க... விடாதீங்க, விடாதீங்கன்னு சொல்றேன்ல!" அதட்டலே போட்டுவிட்டான். உடனே வண்டிக்கு அடியிலிருந்து, "சாரி சார்" என்று சன்னமாகக் கேட்டது. நான் பெடலை விடவில்லை. நாலாவது சக்கரம் முடிந்தபோது பெடல் காலுக்குக் கல் மாதிரி நின்றது.

அவனும் நானும் ஊருக்கு வெளியே ஆளில்லாத இடத்தில் பத்துத் தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். நேராக நிற்கிறது, ஒரு பக்கம் இழுக்கவில்லை. அந்தப் பழைய டப்பாவை அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான், என்மேல் நம்பிக்கை இல்லாமல்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. நான் படித்து முடித்த பேப்பரை ராத்திரி வண்டிக்கு அடியில் விரிப்பது என் மனைவிதான். டிரம்முக்குள் கசிந்தால் பேப்பரில் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப ரிம்மையும் பார்க்கிறேன்" என்றாள். காலையில் கோலம் போடுமுன் டார்ச்சோடு குனிந்து நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிக்கிறாள். நேற்று அவளே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், மார்க்கெட் வரைக்கும் போய் வந்தோம். பேரன் இன்னும் பஸ்ஸில்தான் வருகிறான்.