மரத்தில் வெட்டிய மரை

எங்கள் பங்கு இல்லத்தில், பதிவேடுகளைப் பைண்டு செய்யும்போது தாள்களை அழுத்திப் பிடிக்கும் பழைய மரப்பொறி ஒன்று உண்டு. அதன் மரத் திருகும், திருகு ஏறி இறங்கும் துளைக்கட்டையும் செல்லரித்துப்போயின. மூன்று தலைமுறையினரின் ஞானஸ்நானப் பதிவுகள் கட்டவிழ்ந்த தாள்களாய்க் காத்திருந்தன. ஊர்த் தச்சரை அழைத்தேன்.

“மரை அகலமாக இருக்கட்டும், சாமி” என்றார் முதியவர். மரை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அழுத்தம் மிகும் என்னும் பௌதிக விதியை நான் அவருக்கு விளக்கி, இரும்புத் திருகு ஒன்றைக் காட்டி, “இதைப்போல் வெட்டுங்கள்” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

வைரம் பாய்ந்த பூவரசங் கழியை உருண்டையாகச் சீவி, செங்கோண முக்கோணமாய் நறுக்கிய தாளை அதன்மேல் சுற்றினார். தாளின் சாய்ந்த விளிம்பு, மரை ஏறும் வழியைக் காட்டிற்று. அவ்வழியே ரம்பத்தால் கீறி, உளியாலும் அரத்தாலும் பள்ளம் செதுக்கினார்.

பொறியில் பூட்டி இறுக்கியதும் மரை பொலபொலவென உதிர்ந்தது. “கவனக்குறைவு!” என்று, உதவிக்கு வந்திருந்த அவர் மகன் எதிரிலேயே கடிந்துகொண்டேன். முதியவர் குனிந்து, உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கினார்.

அன்றிரவு, மேசைமேல் கிடந்த துண்டு ஒன்றை உற்று நோக்கினேன். மரத்தின் இழைகள் கழியின் நீளவாக்கில் ஓடுகின்றன. மரை வெட்டும்போது அவை இருபுறமும் அறுபடுகின்றன. மரை மெலிதானால், அதில் எஞ்சும் இழைகள் மிகக் குறுகி, ஒன்றையொன்று பற்றி நிற்க வலுவின்றிப் பெயர்ந்துவிடும். இரும்பில் இந்த இழையோட்டம் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய அச்சுப்பொறிகளிலும் மரத் திருகே தாளை அழுத்தியது. அதன் மரை தடித்ததாயிருந்தது. முதியவர் புத்தகத்தில் படிக்காமலே இதை அறிந்திருந்தார். குற்றம் அவர் உளியில் இல்லை. என் கட்டளையில் இருந்தது.

மறுநாட் காலை அவர் இல்லம் சென்றேன். மகனை அருகே அழைத்து, “தவறு என்னுடையது; உன் தந்தை சொன்னதே சரி” என்றேன். பாழான வேலைக்கும் கூலி கொடுத்தேன். “அதனாலென்ன, சாமி, இன்னொரு கழி சீவினால் போயிற்று” என்றார் அவர். ஆனால் அவர் கண்கள் மகனையே நோக்கின.

இம்முறை விரலகல மரை. இரும்புப் பல் பதித்த கழியைத் துளைக்குள் சிறிது சிறிதாகச் சுழற்றி, துளைக்கட்டையின் உள்மரையை மகனே வெட்டினான். இன்று பதிவேடுகள் பழுதின்றி நிற்கின்றன.

அன்பர்களே, பிள்ளைகள் காணப் பெற்றோரைக் கடிந்த சொல்லைத் தனிமையில் திரும்பப் பெற்றால் போதாது. அந்தப் பிள்ளைகள் எதிரிலேயே திரும்பப் பெறவேண்டும்.