இரண்டாம் இடம் கரிஞ்சாவுக்கு

உலகக்கிண்ணம் வந்தால் கித்துல்கலைப் பக்கம் ரெண்டா பிரிஞ்சிடும். இலங்கை அணி அங்க இல்லையே என்ற கவலை ஒருத்தருக்கும் கிடையாது. லயத்துக் கூரையில ஒரு பக்கம் பிரேசில் கொடி, மறுபக்கம் ஆர்ஜென்டினா. களனி ஆத்துல ராஃப்டிங் படகு ஓட்டுற சிங்களப் பொடியன்களும் இதே ரெண்டு கட்சிதான். 2022 இறுதியாட்டம் நம்ம நேரத்துக்கு இரவு 8.30க்குத் தொடங்கினதால சின்னப் பிள்ளைகள்கூட தூங்கல. 3-3, பிறகு பெனால்டியில 4-2. அன்றோடு விவாதம் முடிஞ்சதுன்னு மெஸ்ஸி கட்சிக்காரங்க அறிவிச்சிட்டாங்க. தென்னமெரிக்க வீரர்களில் மெஸ்ஸி முதல், மரடோனா அடுத்து, பெலே மூணாவது என்று வாட்ஸ்அப்ல பட்டியலும் சுத்தியது.

எனக்கு அந்தப் பட்டியல் ஒத்துவரல.

முதலிடம் பெலேக்கு. 17 வயசுல 1958 உலகக்கிண்ணத்தில் ஆறு கோல், அதில் ரெண்டு இறுதியாட்டத்தில். பிறகு 1962, 1970. பழைய வீடியோவில் எல்லாரும் மெதுவா ஓடுறாங்கன்னு சொல்றவங்க, அந்தக் காலத்து கிரவுண்டையும் பூட்ஸையும் கொஞ்சம் யோசிங்க. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை வந்ததே 1970ல்தான்.

சண்டை ரெண்டாவது இடத்துக்கு. நான் கரிஞ்சான்னு சொன்னேன். "யாரு மச்சான் அது?" என்றார்கள்.

1933ல் பிறந்தவர். ரெண்டு காலும் ஒரே பக்கம் வளைஞ்சிருக்கும், ஒன்று மற்றதைவிடக் குட்டை. 1962 உலகக்கிண்ணத்தில் ரெண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயப்பட்டு வெளியே போக, பிரேசிலைத் தூக்கிக்கொண்டு போனவர் இவர். இங்கிலாந்துக்கு எதிரா ரெண்டு கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிரா ரெண்டு. சிலியோடு ஆடும்போது நடுவர் வெளியேற்றியும், இறுதியாட்டத்தில் ஆட விட்டாங்க! பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய ஒரு ஆட்டத்தில்கூட பிரேசில் தோற்றதில்லை. கரிஞ்சா நாட்டுக்காக ஆடித் தோற்றது ஒரே ஒரு தடவை, 1966ல் ஹங்கேரியிடம். அதுதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டமும்.

ஆனா நான் அவரை விடாமப் படிச்சதுக்குக் காரணம் அவர் பிறந்த ஊர். பாவ் கிராந்தே, ரியோவுக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து நெசவாலை ஊர். ஆலையில் ஆங்கிலேய மேலாளர்கள். குடியிருக்கிற வீடு ஆலைக்குச் சொந்தம், பந்து அணியும் ஆலையோடது. பதினாலு வயசில் அங்கேயே வேலைக்குப் போனார். வேலையில் படு சோம்பேறியாம், ஆனா அணிக்கு ஆள் வேணுமென்று வைத்திருந்தார்கள். லயத்துல வளர்ந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

எங்க பெரியப்பா பால்வெட்டுக்காரர், தோட்டத்து டீமில் வலது விங். அதே கரிஞ்சா இடம். மெட்ச் கிட்ட வந்தா பெரட்டில் அவருக்கு லேசான வேலையாகப் பார்த்துக் கொடுப்பாங்களாம். முழங்கால் போனதும் டீம் போச்சு, லேசான வேலையும் போச்சு. பிறகு கசிப்பு. ஐம்பத்தொன்றில் ஈரல் கெட்டுச் செத்தார். இப்போ கிரவுண்டில் அவர் பேரைச் சொன்னா ஆளுக்கு நினைவு வர்றது போத்தல்தான், பந்து இல்லை.

கரிஞ்சாவும் முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடினவர். 1983 ஜனவரியில், 49 வயசில், குடியால் இறந்தார். பிரேசிலியா நகரத்து அரங்கத்துக்கு அவர் பேர்தான். அதை நான் சொன்னதும் ஒரு தம்பி, "குடிச்சே செத்தவரை மெஸ்ஸிக்கு மேல வைக்கிறீங்களே அண்ணே" என்றான். நாம வரிசைப்படுத்துறது ஆட்டத்தைத்தானே, ஆட்டத்துக்குப் பிறகு யார் எப்படிப் பிழைச்சாங்க என்பதையா? அப்படிப் பார்த்தா மரடோனாவையும் நீக்கணும், அதுக்கு அவன் சம்மதிக்கல.

மரடோனா மூணாவது. 1986ல் ஐந்து கோல் அடித்தார், இன்னும் ஐந்து அடிக்கக் கொடுத்தார். மெஸ்ஸி நாலாவது, கோபப்படாதீங்க.

ஐந்தாவதுக்கு எல்லாரும் டி ஸ்டெபானோவா நெய்மரான்னு அடிச்சுக்கிட்டாங்க. ரியல் மட்ரிட் தொடர்ந்து ஐந்து ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஐந்து இறுதியாட்டத்திலும் கோல் போட்டவர் டி ஸ்டெபானோ, ஆனா உலகக்கிண்ணத்தில் ஒரு நிமிஷம்கூட ஆடல. நான் வைத்தது மார்த்தாவை. உலகக்கிண்ணங்களில் 17 கோல், ஆறு தடவை உலகின் சிறந்த வீராங்கனை. பெண்கள் பந்து ஆடவே பிரேசிலில் 1941ல் இருந்து 1979 வரை தடை. கூட்டத்தில் ஒருத்தன், "அது வேற லிஸ்ட்" என்றான். எங்க கிரவுண்டில் இன்னும் ஒரு பொம்பளப் பிள்ளையும் பந்து அடிச்சதில்லை. அவன் தங்கச்சி, பத்து வயசு, தொங்கல் லயத்து வாசலில் தினமும் சுவத்துல பந்து உதைக்கிறாள். வலது கால்தான், ஆனா நல்லா வளைஞ்சு போகுது.