நானூறு ரூபாய் மிச்சம்

போன வெள்ளிக்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தறிக்காரர் மகன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். இருபத்து மூன்று வயதுப் பையன். வாரத்தில் நான்கு நாள் ஆரணியிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் வேலூருக்கும் புடவை மூட்டை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவன்.

"தாத்தா, பின் டயர் மொட்டையாயிடுச்சி. கடையில மூணு வெல சொல்றாங்க. எத வாங்கறது?"

டயர் விஷயம் என்றால் எங்கள் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். நான் மெக்கானிக் இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனாலும் டயர் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவனிடம் முழுதாகச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

சங்கத்தில் எனக்குக் கணக்கு எழுதுவதோடு இன்னொரு வேலையும் உண்டு. நெய்து வரும் புடவையைச் சோதித்து வாங்குவது. டேப் வைத்து நீளம் பார்ப்பேன், தராசில் எடை பார்ப்பேன், வெளிச்சத்தில் பிடித்து ஊடை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கோர்வையில் ஒரு இழை விட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அதற்காகக் கூலியில் பிடித்தமும் போட்டிருக்கிறேன். "கணக்குப்பிள்ளை கண்ணு கழுகுக் கண்ணு" என்று ஒண்ணுபுரம், தேவிகாபுரம் தறிக்காரர்கள் சொல்லுவார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

பாவும் சரிகையும் கொண்டுபோய்க் கொடுக்க ஊர் ஊராகச் சுற்றியதில் என் ஸ்ப்ளெண்டர் வண்டியின் பின் டயர் 2003ஆம் வருஷம் தேய்ந்து போனது. பட்டன் இருந்த இடமே தெரியவில்லை. அப்போது ஒரு கடையில் பழைய டயருக்கு மேலே புதுப் பட்டன் ஒட்டிய ரீட்ரேட் டயர் இருந்தது. புதுசைவிட நானூறு ரூபாய் குறைவு. பார்த்தால் கறுகறுவென்று புதுசு மாதிரியே இருந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்திருந்த வருஷம், நானூறு ரூபாய் பெரிய காசு. வாங்கி மாட்டிவிட்டேன். புடவைக்குப் பார்க்கிற பார்வையில் பத்தில் ஒரு பங்கு கூட அந்த டயருக்குப் பார்க்கவில்லை.

அந்த ஐப்பசியில் வேலூரில் ஒரு கல்யாணம். நானும் என் மனைவியும் வண்டியில் போய்விட்டுத் திரும்பினோம். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கண்ணமங்கலம் தாண்டியதும் நாலைந்து ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் போட்டேன். வேகம் ஒன்றும் அதிகமில்லை. பின்சக்கரம் மட்டும் எண்ணெயில் கால் வைத்தது போல ஒரு பக்கமாக ஓடியது. நான் வண்டியோடு சரிந்தேன். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பிறகு வண்டியை எடுத்து வரப் போனபோதுதான் டயரைச் சரியாகப் பார்த்தேன். ஒட்டிய பட்டன் ஒரு ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்குக் கிளம்பியிருந்தது. பக்கவாட்டில் பழைய ரப்பரில் வெடிப்பு. மழை, ஆடு, என் பதற்றம் எல்லாம் சேர்ந்துதான் விழுந்தோம், டயரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. இதே குறை ஒரு புடவையில் இருந்திருந்தால் நான் அதை வாங்கியிருக்க மாட்டேன், திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்போது எங்கள் வீட்டில் அண்ணன் தறி ஓடிக்கொண்டிருந்தது. ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பது என் மனைவியின் வேலை. எலும்பு கூடியது, ஆனால் மணிக்கட்டு பழைய மாதிரி திரும்பவில்லை. அரைமணி நேரம் ராட்டை சுற்றினால் கை வீங்கிவிடும். சில மாதம் முயன்று பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள். தார் சுற்ற ஆள் வைத்தோம். அந்தக் கூலி எத்தனை நானூறு ரூபாய் ஆனது என்று கணக்கு எழுதுகிற நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் டயரைப் பற்றிக் கேட்கவும் பார்க்கவும் ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதைப் பையனுக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

புடவையின் தரம் ஓரத்திலும் முந்தியிலும் தெரியும் என்போம். டயரின் தரம் அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது. முதலில் அளவு. 2.75-18 என்று இருந்தால் டயரின் அகலம் 2.75 அங்குலம், ரிம் 18 அங்குலம். 80/100-18 என்று இருந்தால் அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு நூறு, ரிம் 18 அங்குலம். கம்பெனி என்ன அளவு போட்டுக் கொடுத்ததோ அதையே போடுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் அகல டயர் மாட்டுகிறார்கள். ரிம்மில் சரியாக உட்காராது, பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

அதை அடுத்து 42P, 48P என்று ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண், டயர் தாங்கும் எடையைக் குறிப்பது. 42 என்றால் 150 கிலோ, 48 என்றால் 180 கிலோ. P என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை என்று பொருள். அந்த வேகம் நமக்கு வேண்டாம். ஆனால் எடை வேண்டும். பின்னால் புடவை மூட்டை கட்டுகிறவன், வண்டியோடு வந்த டயரில் இருந்த எண்ணுக்குக் குறைவான டயரை வாங்கவே கூடாது.

மூன்றாவது, தேதி. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2224 என்றால் 2024ஆம் வருஷம் இருபத்திரண்டாவது வாரம் செய்தது. ரப்பர் சும்மா இருந்தாலும் இறுகும். கடை வாசலில் நம் ஊர் வெயிலில் மாசக்கணக்கில் தொங்கினால் இன்னும் சீக்கிரம் இறுகும். "தள்ளுபடியில் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால் நான் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆன டயரை, விலை குறைவு என்பதற்காக எடுப்பதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்துவிடுவேன்.

நான்காவது, ட்யூப் உள்ளதா இல்லாததா என்பது. TT என்றால் ட்யூப் போடுவது, TL என்றால் ட்யூப்லெஸ். சாதாரணக் கம்பிச் சக்கரத்தில் ட்யூப்லெஸ் டயரை ட்யூப் இல்லாமல் போட முடியாது, கம்பி வழியாகக் காற்று கசியும். அலாய் சக்கரம் என்றால், அது ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்றதா என்று கேட்டுவிட்டுப் போடலாம். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாக இறங்கும் என்பதால் ராத்திரியில் வருகிறவர்களுக்கு நல்லது. ட்யூப் டயர் வாங்கினால் ட்யூபையும் புதிதாக வாங்கிவிட வேண்டும். புது டயருக்குள் ஐந்து பஞ்சர் ஒட்டிய ட்யூப் போடுவது, பட்டுப்பாவில் பழைய நூலை முடிவது போலத்தான்.

இனி விலைக்கு வருகிறேன். பையனுக்கு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பேச்சுக்கு, 1,200 ரூபாய் டயர் 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 8 பைசா. 1,800 ரூபாய் டயர் 30,000 ஓடினால் 6 பைசா. எது மலிவு? கடையில் கொடுக்கிற பணம் விலை. ஓடி முடித்த பிறகு தெரிவதுதான் உண்மையான விலை.

ஆனால் அதிகம் ஓடுவது மட்டும் போதாது. ரப்பர் கடினமாக இருந்தால் நிறைய நாள் உழைக்கும், ஈர ரோட்டில் பிடி குறையும். மென்மையாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். நம்மைப் போல நாள்தோறும் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் போகிறவர்களுக்கு நடுத்தரமே சரி. ரேஸ் வண்டிக்குப் போடுகிற மென்மையான டயரும் தேவையில்லை, கல் மாதிரி டயரும் தேவையில்லை. ஒரே டயரை வருஷக்கணக்காக ஓட்டுகிற பால்காரர், கூரியர் பையன் போன்ற இரண்டு பேரைக் கேட்டால் எது எவ்வளவு உழைக்கிறது, மழையில் எப்படி என்று சொல்லிவிடுவார்கள்.

நல்ல டயருக்கு வெளிநாட்டுப் பெயர் வேண்டும் என்பதும் இல்லை. 1946இல் திருவொற்றியூரில் மாமன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. நமக்குப் பக்கத்தில் அரக்கோணத்தில் அவர்களுக்கு ஆலை உண்டு. மதுரையில் 1982இல் தொடங்கிய டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா இருசக்கர வண்டி டயருக்கே பெயர் பெற்றது. இன்னும் பல கம்பெனிகள் நம் மாநிலத்திலேயே டயர் செய்கின்றன. பெயரைவிட, நான் மேலே சொன்ன எழுத்துகளைப் பாருங்கள்.

எப்போது மாற்றுவது? இருசக்கர வண்டிக்குப் பட்டன் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அதை அளக்க வேண்டியதில்லை. பள்ளத்துக்குள் சின்ன மேடு மேடாக இருக்கும். அது இருக்கும் இடத்தைக் காட்ட டயர் ஓரத்தில் TWI என்றோ ஒரு முக்கோணமோ இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் கதை முடிந்தது. மழைத் தண்ணீர் வெளியேறுவது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். அது இல்லாவிட்டால் சக்கரம் ரோட்டின் மேல் அல்ல, தண்ணீரின் மேல் ஓடுகிறது. ஆகவே ஐப்பசி பிறக்கும் முன் மாற்றிவிடுவது நல்லது.

மாற்றிய பிறகு முதல் நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், அது தேய்ந்த பிறகுதான் பிடி வரும். வாரம் ஒருமுறை, வண்டி சூடாகும் முன் காற்றுப் பார்க்க வேண்டும். தனியாகப் போக ஓர் அளவு, ஆளோ மூட்டையோ ஏற்றினால் வேறு அளவு. இரண்டும் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. காற்றுக் குறைவாக ஓட்டினால் எவ்வளவு விலை கொடுத்த டயரும் ஓரம் தேய்ந்து பாதி ஆயுளில் போய்விடும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கடைசியில் தயங்கித் தயங்கி, "தாத்தா, தெரிஞ்ச கடையில பட்டன் ஒட்டின டயர் ஒண்ணு இருக்குதாம். ஐந்நூறு ரூபா கம்மி. இந்த மாசம் மட்டும் சமாளிச்சிக்கலாம்னு..." என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். இடது கையில் காபி டம்ளர். இந்த இருபது வருஷமாகச் சூடான எதையும் அவள் இடது கையில்தான் பிடிப்பாள்.

"வாணாம்பா. புதுசே வாங்கு," என்றாள். "காசு கம்மியா இருந்தா ஆயாகிட்ட வாங்கிக்கினு போ. சீட்டுப் பணம் வந்தா குடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் காகிதத்தில் போட்ட கணக்கை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தேன். சாயந்திரம் புது டயர் மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். என் மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே குனிந்தாள். நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்ணையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"புதுசுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.