பந்து வராத ஃபார்வர்டு

"ஃபார்வர்டுக்கு என்னடா வேலை?"ன்னு எங்க ஏரியா பசங்ககிட்ட கேட்டா, யோசிக்காம "கோல் அடிக்கிறது ணா"ன்னு பதில் வரும். சரி, கோல் அடிக்காத நேரத்துல? "பந்துக்கு வெயிட் பண்றது ணா." ரேஷன் கடையில வரிசையில நிக்கிற மாதிரியே சொல்லுவானுங்க.

ஒரு சின்ன கணக்கு மக்களே. ஆட்டம் 90 நிமிஷம்னு பேருதான். த்ரோ, கோல் கிக், ஃபவுல், கீழே விழுந்து உருள்றது எல்லாத்தையும் கழிச்சா பந்து நிஜமா ஆட்டத்துல இருக்கிறது 60 நிமிஷத்தைத் தாண்டுறதே பெரிய விஷயம். அதை 22 பேருக்குப் பங்கு போட்டா தலைக்கு மூணு நிமிஷம்கூடத் தேறாது. இதுல பந்து ஒருத்தன் கிட்டேருந்து இன்னொருத்தன் கிட்ட உருண்டு போற நேரமும் அடக்கம். ஆக, எவ்வளவு பெரிய ஸ்டாரா இருந்தாலும் எண்பத்து சொச்சம் நிமிஷம் பந்து அவன் கால்ல இல்ல. அந்த நேரத்துல அவன் என்ன பண்றான்கிறதுதான் அட்டாக். இதைத்தான் நான் ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் தொண்டை வத்தச் சொல்லிட்டிருக்கேன்.

நான் ஒண்ணும் லைசென்ஸ் வாங்கின கோச் இல்லீங்க. காலேஜ் டீம்ல ஃபார்வர்டா ஆடினவன், இப்ப கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து தொப்பை வளர்க்கிறவன். சென்னையில எங்க வீட்டுப் பக்கத்து மாநகராட்சி மைதானத்துல ஞாயித்துக்கிழமை காலையில பன்னிரண்டுலேர்ந்து பதினைந்து வயசுப் பசங்க இருபது பேர் வருவாங்க. அவங்களோட ரெண்டு மணி நேரம். அவ்வளவுதான் என் தகுதி.

அந்த மைதானத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். ஒரே நேரத்துல நாலு கிரிக்கெட் மேட்ச் நடக்கும். எங்க லெஃப்ட் விங்ல ஒரு டீமோட ஸ்லிப் நிப்பான், பெனால்டி பாக்ஸுக்குள்ள இன்னொரு டீமோட மிட் ஆஃப். இந்த நெரிசல்ல வளர்ற பையனுக்கு ட்ரிபிளிங் தானா வந்துடும். எதிராளியை மட்டுமில்ல, சம்பந்தமே இல்லாத மிட் ஆஃபையும் சேர்த்துக் கட் பண்ணிட்டுப் போவான். ஆனா அதே பையனை முழு கிரவுண்டுல விட்டா திருதிருன்னு முழிப்பான். ஏன்னா காலி இடம்னு ஒண்ணை அவன் வாழ்க்கையில பார்த்ததே இல்ல. அதை எப்படி உண்டாக்குறது, எப்ப அதுக்குள்ள போறதுன்னு யாரும் சொல்லித் தரவும் இல்ல.

காலி இடம் எப்படி உண்டாகுதுன்னு காட்ட நான் பசங்களுக்கு மொபைல்ல போட்டுக் காட்டுறது ஒரே ஒரு கோல். 1970 உலகக் கோப்பை ஃபைனல், மெக்சிகோ சிட்டி அஸ்டெகா ஸ்டேடியம். பிரேசிலுக்கும் இத்தாலிக்கும். 3-1ன்னு பிரேசில் முன்னாடி இருக்கு, 86-வது நிமிஷம். கார்லோஸ் ஆல்பர்ட்டோ அடிச்ச நாலாவது கோல். "அட, தெரியாதா"ன்னு பாதிப் பேர் சொல்லுவீங்க. பார்த்திருப்பீங்கதான். பந்தைப் பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை பந்தை விட்டுட்டு ஜெர்சினோவை மட்டும் பாருங்க.

ஜெர்சினோ ரைட் விங்கர். அந்த உலகக் கோப்பையில பிரேசில் ஆடின ஆறு ஆட்டத்துலயும் கோல் அடிச்ச மனுஷன். அவரைப் பிடிக்க இத்தாலி நிறுத்தினது ஃபக்கெட்டிங்கிற லெஃப்ட் பேக்கை. அந்தக் கால இத்தாலிக்காரங்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கிட்டே திரியிற ரகம். ஜெர்சினோ பாத்ரூம் போனாலும் ஃபக்கெட்டி வாசல்ல நிப்பார். ஜெர்சினோ என்ன பண்ணார்? தன்னோட வலது பக்கத்தை விட்டுட்டு நைசா இடது பக்கம் போயிட்டார். ஃபக்கெட்டியும் பின்னாடியே வந்துட்டார். அவ்வளவுதான், இத்தாலியோட இடது பக்கம், அதாவது பிரேசிலோட வலது பக்கம், ஆளில்லாத மொட்டை மாடி ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சது. க்ளோடோஆல்டோ தன் பக்கத்துலேயே வரிசையா இத்தாலிக்காரங்களை ஏமாத்தினது, ரிவெலினோ இடது லைனோரமா நீளமா ஒரு பாஸ், ஜெர்சினோ அதை வாங்கி உள்ளே வெட்டி பெலேகிட்ட. பெலே அவசரமே படாம, ஒண்ணுமே இல்லாத இடத்தைப் பார்த்து பந்தை உருட்டி விடுவார். டிவியில பார்க்கிற நமக்கு "யாருக்குய்யா கொடுக்கிற?"ன்னு தோணும். அடுத்த நொடி ஃபிரேமுக்கு வெளியிலேர்ந்து புயல் மாதிரி ஒருத்தன் வந்து அடிப்பான். ரைட் பேக், கேப்டன்.

எல்லாரும் பெலேயோட பாஸையும் கார்லோஸ் ஆல்பர்ட்டோவோட ஷாட்டையும் பாராட்டுவாங்க. பாராட்டட்டும். ஆனா அந்தக் கதவைத் திறந்து வெச்சது ஜெர்சினோவோட இடமாற்றம். அதுக்குக் கைதட்டல் கிடையாது, ஸ்கோர் ஷீட்டுல பேரும் கிடையாது.

இதுல ஒண்ணும் பிரேசில் மாயமந்திரம் இல்ல. 1953 நவம்பர் 25, வெம்ப்ளியில ஹங்கேரி இங்கிலாந்தை 6-3ன்னு உரிச்சதும் இதே சமாச்சாரம்தான். 9-ம் நம்பர் போட்ட ஹிடெகுட்டி முன்னாடி போய் நிக்காம நடு கிரவுண்டுக்கு இறங்கி வந்துட்டார். இங்கிலாந்து சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டனுக்கு ஒரே குழப்பம். கூடவே போனா பின்னாடி ஓட்டை, நின்னா அவர் ஃப்ரீ. ஹிடெகுட்டி மட்டும் மூணு கோல். 2009 மே 2-ம் தேதி மாட்ரிட்ல பார்சிலோனா 6-2ன்னு ஜெயிச்ச அன்னிக்கு கார்டியோலா மெஸ்ஸியை நடுவுல இறக்கி விட்டதும் அதே தலைவலியைத்தான் கன்னவாரோவுக்கும் மெட்செல்டருக்கும் கொடுத்துச்சு. 56 வருஷத்துக்கு அப்புறமும் அந்தக் கேள்விக்கு டிஃபெண்டர்கிட்ட நல்ல பதில் இல்ல.

சரி, உலகக் கோப்பையெல்லாம் இருக்கட்டும், மாநகராட்சி மைதானத்துல என்ன சொல்லித் தரேன்னு கேட்டீங்கன்னா, முதல் பாடம் கழுத்து. ஆமா, கழுத்துதான். பந்து உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை திரும்பிப் பாரு. கெய்ர் யோர்டெட்னு ஒரு நார்வே ஆராய்ச்சியாளர், பந்து வர்றதுக்கு முன்னாடி பெரிய ஆட்டக்காரங்க எத்தனை தடவை சுத்திப் பார்க்கிறாங்கன்னு வீடியோ எடுத்து எண்ணியிருக்கார். அதிகமா பார்க்கிறவங்க பாஸ்தான் சரியா போய்ச் சேருதுன்னு முடிவு. இதைப் பசங்ககிட்ட ஆராய்ச்சின்னு சொன்னா கொட்டாவி விடுவானுங்க. அதனால ஒரு விளையாட்டு. பந்து உருண்டு வரும்போது பின்னாடி நான் நின்னு கையில விரல் காட்டுவேன். பந்தைத் தொடுறதுக்கு முன்னாடி "மூணு!" "நாலு!"ன்னு கத்தணும். கத்தலைன்னா பத்து புஷ்-அப். முதல் வாரம் எல்லாருக்கும் கை வலி. மூணாவது வாரத்துல கழுத்து தானா திரும்ப ஆரம்பிச்சுடுச்சு.

ரெண்டாவது, டிஃபெண்டரோட முதுகுப் பக்கம். அவனுக்கு இருக்கிறது ரெண்டே கண்ணு, அதுவும் முன்னாடிதான். பந்தையும் உன்னையும் ஒண்ணா பார்க்க முடியாத இடத்துல போய் நில்லு. அவன் பந்தைப் பார்க்கிற அந்த அரை நொடியில கிளம்பு. கிளம்புறப்ப நேரா ஓடாதே, ஆஃப்சைடு. லைனோரமா வளைஞ்சு வந்து அப்புறம் திரும்பு. (1990 வரைக்கும் கடைசிக்கு முந்தின எதிராளிக்கு நேரா நின்னாலே ஆஃப்சைடு. அந்த வருஷம் ரூலை மாத்தி, நேரா இருந்தா பரவாயில்லைன்னாங்க. ஃபார்வர்டா ஆடின எல்லாரும் அந்தக் கமிட்டிக்கு ஒரு கும்பிடு போடணும்.)

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நிக்கிறது! நம்ம விங்கர் எண்ட் லைன் வரைக்கும் போயிட்டான்னா டிஃபெண்டர் எல்லாரும் தன் கோல் போஸ்டைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடுவான். நம்ம ஃபார்வர்டும் கூடவே ஓடிப் போய் கூட்டத்துல சேர்ந்துக்குவான். நீ ஓடாதே. ரெண்டு எட்டு வெச்சுட்டு பெனால்டி ஸ்பாட் கிட்ட பிரேக் போடு. எல்லாரும் உன்னைத் தாண்டிப் போயிட்டாங்க, நீ மட்டும் தனியா இருக்கே. இப்ப விங்கர் தரையோட பின்னாடி இழுத்து ஒரு பாஸ் கொடுத்தா, கோலியைத் தவிர ஆளே இல்ல. இதுக்கு கட்பேக்னு பேரு. 2017-18 சீசன்ல மான்செஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்ல 106 கோல் போட்டப்ப, இந்த மாதிரி தரையோட வர்ற பாஸை ஸ்டெர்லிங் கிட்டக்க நின்னு சும்மா தட்டி விட்டதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். "இதெல்லாம் ஒரு கோலா, எங்க பாட்டிகூட அடிப்பாங்க"ன்னு சொன்னவங்க உண்டு. பாட்டி அடிப்பாங்க சார், கரெக்டா அந்த இடத்துல அந்த நொடியில பாட்டி நிப்பாங்களா?

முப்பது கஜத்துலேர்ந்து அடிக்கிற ஷாட்டைத்தான் ஊர் ரசிக்குது. பாக்ஸுக்கு வெளியிலேர்ந்து நூறு ஷாட் அடிச்சா நாலஞ்சு உள்ளே போனா அதிகம். மீதியெல்லாம் எங்க மைதானத்துல பக்கத்து அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் கிட்டதான் போகுது.

இப்ப என்னைத் தூங்க விடாத விஷயத்துக்கு வர்றேன். எங்க பசங்கள்ல ஒருத்தன், ஒல்லியா, பதினாலு வயசு, சத்தமே வராது. மேல சொன்ன மூணையும் அவன் பிடிச்சுக்கிட்ட மாதிரி வேற யாரும் பிடிச்சுக்கல. எங்கேர்ந்து கிளம்புறான்னே தெரியாது, பார்த்தா காலி இடத்துல நிப்பான். பிரச்சினை என்னன்னா, பந்து அவனுக்கு வரவே வராது. கொடுக்கிறவன் தலையைத் தூக்கிப் பார்த்தாதானே?

போன வருஷம் ஒரு விளையாட்டு விடுதிக்கு செலக்‌ஷன். கிடைச்சா தங்குற இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்க பார்த்துப்பாங்க. அவன் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு அவன் அம்மா சொல்லாமலே எனக்குத் தெரியும். எங்க கிரவுண்டுலேர்ந்து மூணு பேர் போனாங்க. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத பசங்களை ரெண்டா பிரிச்சு, கலர் பனியன் மாட்டி, பதினஞ்சு நிமிஷம். எவன் எவனுக்கு பாஸ் கொடுப்பான்? எல்லாருக்கும் அவனவன் வாழ்க்கைப் பிரச்சினை. எங்க ட்ரிபிளிங் மன்னன் மூணு பேரை ஏமாத்தினான், செலக்ட் ஆயிட்டான். நல்ல பையன், தகுதி இருக்கு, எனக்கு சந்தோஷம்தான். ஒல்லிப் பையன் நாலு தடவை அருமையா ஓடினான். ரெண்டு தடவை அவன் இழுத்துட்டுப் போன டிஃபெண்டரோட இடத்துலதான் அந்த மன்னனே புகுந்து போனான். லிஸ்ட்ல இவன் பேர் இல்ல.

செலக்ட் பண்ணவங்களைத் திட்ட எனக்கு மனசு வரல. வெயில்ல நின்னு நூத்துக்கணக்கான பசங்களைப் பார்க்கிறாங்க, கண்ணு பந்தோடதான் போகும். ஆனா அடுத்த ஞாயிறு அந்த அம்மா வந்து, "சார், இவன் பந்தையே தொட மாட்டேங்கிறான், சும்மா ஓடிக்கிட்டே இருக்கான். பந்தோட ஆட இவனுக்கும் சொல்லிக் குடுங்க சார்"ன்னாங்க. வீட்டு வேலை செஞ்சு மிச்சம் பிடிச்ச காசுல வாங்கின ஸ்டட்ஸ் அவன் கால்ல இருந்துச்சு. அவங்ககிட்ட ஜெர்சினோ கதையையா சொல்ல முடியும்?

பையனை என்னால ட்ரிபிளரா மாத்த முடியாது, மாத்தவும் மாட்டேன். அவனுக்கு வாய்ச்சது அபூர்வமான புத்தி. தாமஸ் முல்லருக்கு 2010 உலகக் கோப்பையில கோல்டன் பூட் வாங்கிக் கொடுத்த புத்தி அது. வேகமோ வித்தையோ பெருசா இல்லாத முல்லர், தன்னையே காலி இடத்தைப் படிக்கிறவன்கிற அர்த்தத்துல ஒரு ஜெர்மன் வார்த்தையால சொல்லிக்கிட்டவர். ஆனா செலக்‌ஷன் பதினஞ்சு நிமிஷம்கிறதும் நிஜம். அதனால இப்ப அவனுக்கு மட்டும் தனியா ஒண்ணு பண்ணிட்டிருக்கோம். முதல் ரெண்டு நிமிஷத்துல கீழே இறங்கி வந்து பக்கத்துலேர்ந்து ஒரு பந்தை வாங்கு, உடனே திருப்பிக் கொடு, கொடுத்துட்டு ஓடு. ஒன்-டூ. உன்கிட்டேருந்து பந்து திரும்பி வரும்னு ஒரு தடவை தெரிஞ்சா எவனும் ரெண்டாவது தடவை கொடுப்பான். ஓடும்போது கையைக் காட்டு, எந்த இடத்துல வேணும்னு. வாயைத் திற. "மச்சி, பின்னாடி!"ன்னு கத்து. கத்துறதுதான் அவனுக்குக் கஷ்டமா இருக்கு. போன வாரம் வரைக்கும் கோலிக்குக்கூடக் கேட்காத குரல்ல "மச்சி"ன்னான்.

"கத்தியும் பந்து வரலைன்னா ணா?"ன்னு கேட்டான். ஷாட் அடிச்சு கோலி தட்டி விடுற பந்து யாருக்கும் சொந்தமில்ல, அதுக்கு யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம், அங்க போய் நில்லுன்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த மாசம் இன்னொரு செலக்‌ஷன் இருக்கு. இந்த ஞாயிறு கட்பேக் மட்டும் நாப்பது தடவை பண்றதா பிளான். அரை மணி நேரம் கோல் போஸ்ட் பக்கத்தைக் காலி பண்ணித் தரச் சொல்லி கிரிக்கெட் கோஷ்டி கேப்டன்கிட்ட பேசிட்டேன். பதிலுக்கு ரெண்டு புது டென்னிஸ் பால் கேட்டிருக்கான். மிட் ஆஃபை நகர்த்த மட்டும் தனியா ஒண்ணு வேணுமாம் :-)