மண்ணுல இல்லன்னா எங்க?

தெர்மோ பேப்பர்ல 'ஃபியூகாசிட்டி'ன்னு ஒன்னு வந்திருக்குமே, ஞாபகம் இருக்கா? ரெண்டு மார்க்குக்கு டெஃபனிஷன் எழுதிட்டு மறந்திருப்பீங்க. லத்தீன்ல அதோட வேர்ச்சொல்லுக்கு 'ஓடிப்போறது'ன்னு அர்த்தம். கனடாவில் வேலை செய்த டொனால்ட் மெக்கே என்ற கெமிக்கல் இன்ஜினியர், 1979ல் அதைச் சுற்றுச்சூழலில் கலக்கும் ரசாயனங்களுக்குப் பொருத்திக் காட்டினார். சூடு குளிர்ந்த பக்கம் போற மாதிரி, ரசாயனமும் ஃபியூகாசிட்டி குறைவான பக்கம் நகரும். மண், தண்ணி, காத்து மூணையும் மூணு டப்பாவா வெச்சுக்கிட்டா, எதுல எவ்வளவு போய்ச் சேரும்னு கணக்குப் போட்டுடலாம்.

எனக்கு இது வெறும் சிலபஸ் இல்ல. எங்க ஊர் காட்டுமன்னார்கோவில் பக்கம். அப்பா நெல்லுக்கு மருந்து அடிக்கிறவர். (ஊர்ல யாரும் பூச்சிக்கொல்லின்னு சொல்றதில்ல, மருந்துதான்.)

தாத்தா காலத்து மருந்து பி.எச்.சி. பவுடர். எங்க பக்கத்து வெள்ளாற்றுப் படுகையிலேயே அதைத் துரத்திப் பார்த்திருக்காங்க. ஜப்பான் ஆய்வாளர்களும் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த வேலை, 1991ல் வெளிவந்தது. வயல்ல போட்டதில் ஆத்து வழியா கழிமுகத்துக்கு வந்தது 0.4% தானாம். மீதி 99.6%? காத்துல! நம்ம வெயிலுக்கும் தேங்கி நிற்கிற தண்ணிக்கும் அது ஆவியாகிப் பறந்திருக்கு. மண்ணை மட்டும் டெஸ்ட் பண்ணியிருந்தா, 'மருந்து சிதைஞ்சுபோச்சு, மண்ணு சுத்தம்'னு ரிப்போர்ட் வந்திருக்கும். ஆனா ஆவியானது குளிர்ந்த இடம் வந்தா திரும்பப் படியும். யாருமே விவசாயம் செய்யாத ஆர்க்டிக் கடல்லயும் இந்த பி.எச்.சி. கிடைச்சிருக்கு. எந்த வயல்ல போட்டதுன்னு அதுல எழுதியா இருக்கும்?

இந்தியாவில் 1997ல் அதைத் தடை பண்ணிட்டாங்க. இப்போ அப்பா புகையானுக்கு அடிக்கிறது இமிடாகுளோபிரிட். இது குணத்துல அப்படியே தலைகீழ். ஆவியாகிறது ரொம்பக் குறைவு. ஆனா ஒரு லிட்டர் தண்ணியில 600 மில்லிகிராம் வரை கரையும். அதனால இதைக் காத்துல தேடிப் பிரயோஜனம் இல்ல, தண்ணியிலதான் தேடணும். நாங்க குடிக்கிற அடிபம்பு வரப்பிலிருந்து பதினஞ்சு அடி தூரத்துல இருக்கு.

மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில், அடிச்சு முதல் மழை பெய்ஞ்சதும் ஒரு பாட்டில் எடுக்கப்போறேன். எங்க லேப்ல இருக்கிறது ஜி.சி. மட்டும்தான். சூடுபடுத்தினா சிதையுற இந்த மருந்துக்கு அது சரிப்படாது. எச்.பி.எல்.சி. இருக்கிற லேப்ல உங்களுக்கு யாரையாவது தெரியும்னா சொல்லுங்க, அடுத்த சாகுபடிக்குள்ள.