மௌனம் சம்மதமா?

ரொம்ப நாளா மண்டைக்குள்ள குடைஞ்சிட்டிருக்கற விஷயம் இது. சொன்னா சிரிப்பீங்க, பரவால்ல. நான் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுவேன். அதாவது, அடுத்தவங்க உருவாக்கின கதாபாத்திரங்களை எடுத்து நம்ம இஷ்டத்துக்குக் கதை எழுதறது. யாரோட சம்மதமும் கேக்காம செய்யற இந்த வேலையில, சம்மதத்தைப் பத்தியே ஒரு சண்டை வந்ததுதான் காமெடி.

எனக்கு உயிர் ஸ்டார் ட்ரெக். 1966-ல ஆரம்பிச்ச தொடர். கேப்டன் கிர்க்கையும் அவருக்குக் கீழ வேலை பார்க்கற ஸ்பாக்கையும் ஜோடி சேர்த்து 1974-லயே ரசிகர் பத்திரிகையில கதை வந்தாச்சு. 1967-ல வந்த ஒரு எபிசோடுபடி, ஸ்பாக்கோட வல்கன் இனத்துக்கு ஒரு வெறி பிடிக்கும். துணையோட சேரலைன்னா சாவுதான். ரசிகர்கள் விடுவாங்களா? இதை வெச்சே எக்கச்சக்கமா எழுதித் தள்ளிட்டாங்க.

நானும் ஒண்ணு எழுதினேன். ஸ்பாக் சாகக் கிடக்கறார், கிர்க் பக்கத்துல வர்றார், ஸ்பாக் ஒண்ணும் பேசாம கண்ணை மூடிக்கறார். முற்றும். ஆஹா, என்ன ஒரு காதல்னு நானே முதுகுல தட்டிக்கிட்டேன்.

ஹாஸ்டல் ரூம்மேட் படிச்சிட்டு ஒரே கேள்விதான் கேட்டா. "இதுல அவன் எங்கடி சரின்னு சொன்னான்?"

"சொல்லலைன்னா என்ன, புரியுதுல்ல?"

"அவனுக்கு சுய நினைவே இல்லை. வந்தவன் அவனோட கேப்டன். வேற வழியும் இல்லை, செத்துடுவான். இதுக்குப் பேரு காதலா?"

பக்கத்து ரூம் தோழி எனக்கு சப்போர்ட்டுக்கு வந்தா. "கதை வேற, வாழ்க்கை வேற. நிஜத்துல பயப்படற ஒண்ணை கதையில பத்திரமா தொட்டுப் பார்க்கறோம். பிடிக்கலைன்னா மூடி வெச்சிடலாம், அந்த அதிகாரம் படிக்கறவ கையிலதானே இருக்கு?" இதுவும் நியாயமாத்தான் பட்டது.

இது புது சண்டையும் இல்லை. ட்வைலைட் (2005) நாவல்ல எட்வர்ட், பெல்லாவுக்கே தெரியாம அவ ரூமுக்குள்ள வந்து அவ தூங்கறதைப் பார்ப்பான். ஒருத்தருக்கு அது காதல், இன்னொருத்தருக்கு போலீஸ் கேஸ். அதோட ஃபேன் ஃபிக்‌ஷனா ஆரம்பிச்சு 2011-ல புத்தகமா வரத் தொடங்கின ஃபிஃப்டி ஷேட்ஸ் வரிசையில ஹீரோ, அவ வேலை பார்க்கற கம்பெனியையே வாங்கிடறான்!

2009-ல திறந்த ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கு. இப்படி எழுதாதேன்னு தடுக்காது. ஆனா பலாத்காரம் இருந்தா மேலயே போடணும், இல்லைன்னா 'எச்சரிக்கை தர விரும்பலை'ன்னாவது போடணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்தேகமான சம்மதத்துக்கு வாசகர்களே 'டப்கான்'னு பேர் வெச்சிருக்காங்க. நான் போட்டிருந்தது வெறும் 'ரொமான்ஸ்'.

அன்னிக்கு ராத்திரி லைட் அணைச்சப்புறம் ரூம்மேட் சொன்னா. இன்டர்ன்ஷிப் போன இடத்துல டீம் லீட் தோள்ல கை போடுவாராம், ரெண்டு மாசமா. சர்டிஃபிகேட்ல கையெழுத்து அவர்தான் போடணும். "நானும் சும்மாதான்டி இருந்தேன். உன் கதையில வந்தா அதுவும் சம்மதம்தானே?"

எனக்குப் பேச்சே வரலை.

கதையை நான் அழிக்கலை. இருட்டான கதைகள் வேணும்னுதான் இன்னமும் நினைக்கறேன். ஆனா இருட்டை இருட்டுன்னு தெரிஞ்சு எழுதறது வேற, வெளிச்சம்னு நினைச்சு எழுதறது வேற. நான் செஞ்சது ரெண்டாவது. அதனால ரொமான்ஸை எடுத்துட்டு எச்சரிக்கை போட்டேன். கூடவே ஒரு அத்தியாயம் சேர்த்தேன். ஸ்பாக் தெளிஞ்சு எழுந்தப்புறம், கிர்க் கேப்டன் சட்டையைக் கழட்டி வெச்சிட்டு, "அன்னிக்கு உனக்கு சம்மதமா இருந்துச்சா?"ன்னு கேக்கறார். பதில் கிர்க்குக்குப் பிடிச்ச மாதிரி இல்லை.

ரூம்மேட் கிட்ட படிக்கக் குடுத்தேன். படிச்சா, ஒண்ணும் சொல்லலை.

பிடிச்சிருக்குன்னு நானா நினைச்சுக்கப் போறதில்லை. நாளைக்குக் கேக்கணும்.